சமையலறை இல்லாத நாட்களில் வீட்டுச் சமையல்: வாசகர் கேள்வி – பதில்

சமையலறையை இடித்துப் புதுப்பிக்கும் வேலை, ஒழுகும் குழாய், துண்டித்து வைத்த எரிவாயு இணைப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் சில வாரங்களுக்கு வேறு அறையில் சமைத்தாக வேண்டிய வாசகர்கள் நிறையக் கேட்டிருந்தார்கள். பலருக்கும் பொதுவாக உள்ள கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: வேலை முடிய ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். கூடம், படுக்கையறை, குளியலறை மட்டும்தான் புழங்க முடியும். தற்காலிகச் சமையலறையை எங்கே வைப்பது, எதிலிருந்து தொடங்குவது?

பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து தொடங்குங்கள். அடுப்பை எங்கே வைப்பது என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் கவலை. ஆனால் மின்சார அடுப்பை எந்த மேசையிலும் வைத்துவிடலாம். தண்ணீர் வரும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அப்படி நகர்த்த முடியாது. இரண்டாவது வாரத்திலேயே வீட்டுச் சமையலைக் கைவிடுகிறவர்களில் பலர் சமைக்க முடியாமல் விடுவதில்லை. கழுவ வழியில்லாமல் பிசுக்கோடு பாத்திரங்கள் குவிந்துவிடுவதால்தான் விடுகிறார்கள்.

ஆகவே குளியலறைக்குப் பக்கத்தில், வேலை நடக்கும் அறைக்கு எட்டத்தில், ஜன்னல் உள்ள இடமாகப் பாருங்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசை வேண்டும். தரையில் வைத்துச் சமைத்தால் குழந்தைகளின் கால் பட்டுக் கொதிக்கும் பாத்திரம் கவிழ்ந்துவிடும். மேசை நான்கடி நீளம், இரண்டடி அகலம் இருந்தால் போதும். ஒரு பாதி அடுப்புக்கு, மறு பாதி நறுக்கவும் பரிமாறவும். அடுப்புக்கு மேலே அலமாரித் தட்டோ திரைச்சீலையோ இருக்கக் கூடாது. தினமும் ஆவி பட்டால் மரப்பலகை உப்பிவிடும், சுவரில் பூஞ்சணம் ஏறும். மேசை மரமாக இருந்தால் அடுப்பின் அடியில் மிஞ்சிய டைல்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, பாத்திரங்களை எண்ணி வையுங்கள். நான்கு பேருக்கு மூடியோடு 3 லிட்டர் பாத்திரம் ஒன்று, அகலமான வாணலி ஒன்று, ரைஸ் குக்கர் ஒன்று, கத்தி, பலகை, இரண்டு கிண்ணங்கள், ஒரு கரண்டி, ஆளுக்கு ஒரு தட்டு, டம்ளர், ஸ்பூன். மற்றதையெல்லாம் பெட்டியில் கட்டி ஒட்டிவிடுங்கள். கையில் பத்துத் தட்டு இருந்தால் பத்தும் அழுக்காகும் வரை யாரும் கழுவமாட்டார்கள்.

தூசியையும் சாதாரணமாக எண்ண வேண்டாம். டைல்ஸ், கல், சிமெண்ட் அறுக்கும்போது கிளம்பும் நுண்தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலுக்குக் கெடுதல். வேலை நடக்கும் அறையின் வாசலைத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் நான்கு ஓரமும் டேப் ஒட்டி மூடச் சொல்லுங்கள். பாத்திரங்களைக் கவிழ்த்து, துணி போர்த்தி வையுங்கள். மேசையை உலர்ந்த துணியால் தட்டினால் தூசி மறுபடி காற்றில்தான் ஏறும். ஈரத் துணியால் ஒற்றித் துடையுங்கள்.

கேள்வி: குளியலறை வாஷ்பேசினில் பாத்திரம் கழுவினோம். நான்கே நாளில் அடைத்துக்கொண்டது. வேறு வழி என்ன?

வாஷ்பேசினின் கழிவுக்குழாய் சமையலறை சிங்கின் குழாயைவிடப் பொதுவாகக் குறுகலானது. அதில் ஏற்கெனவே முடியும் சோப்புப் படிவும் இருக்கும். அதன்மேல் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் போய்ச் சேர்ந்தால் சீக்கிரமே கட்டியாகிவிடும். சுடுநீர் ஊற்றினால் எண்ணெய் கரைந்து போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது இன்னும் சற்றுத் தூரம் உள்ளே போய், குழாய் குளிர்ந்திருக்கும் இடத்தில் உறையும். எடுப்பது இன்னும் கடினம்.

வாஷ்பேசினை விட்டுவிட்டு இரண்டு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கிக்கொள்ளுங்கள். முறை இதுதான்.

முதலில் மிச்சத்தை வழித்துக் குப்பையில் போட்டு, பழைய செய்தித்தாளால் பாத்திரத்தை நன்றாகத் துடையுங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற எதுவும் சரியாக வராது. எண்ணெயில் பெரும்பகுதி தாளோடு குப்பைக்குப் போய்விடும். பிறகு முதல் டப்பில் கை பொறுக்கும் சூட்டில் 5 லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம். டம்ளர், ஸ்பூன், தட்டு, கடைசியாக எண்ணெய்ப் பாத்திரம் என்ற வரிசையில் தேயுங்கள். வரிசை மாறினால் டம்ளரில் பிசுக்கு ஏறும். இரண்டாவது டப்பில் 5 லிட்டர் நல்ல தண்ணீரில் அலசி, குளியலறைக்கு வெளியே கவிழ்த்து உலர விடுங்கள். அலசும் தண்ணீர் வழுவழுப்பானதும் மாற்றிவிட வேண்டும்.

அழுக்குத் தண்ணீரைச் சல்லடையில் வடித்துக் கழிப்பறைக் கோப்பையில் ஊற்றலாம். அதன் குழாய் அகலமானது. ஆனால் டப்பைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் வைத்துக் கழுவாதீர்கள். ஃப்ளஷ் செய்யும்போது தெறிக்கும் நுண்துளிகள் கண்ணுக்குத் தெரியாது. மூடியை மூடிவிட்டே ஃப்ளஷ் செய்யுங்கள். பாத்திரத்துக்கு உரிய டப்பும் ஸ்பாஞ்சும் தனியாக இருக்கட்டும், குளியலறை கழுவும் பிரஷோடு கலக்க வேண்டாம்.

இறைச்சி சமைப்பவர்களுக்கு ஒன்று. பச்சைக் கோழியை வாஷ்பேசினில் அலச வேண்டாம். தெறிக்கும் நீரோடு கிருமிகள் குழாய்ப் பிடியிலும் பல் துலக்கும் பிரஷிலும் போய் உட்காரும். நறுக்கியதாக வாங்கி நேரே பாத்திரத்தில் போடுங்கள். நன்றாக வெந்தால் கிருமிகள் செத்துவிடும், அலசுவதால் சாவதில்லை.

கேள்வி: இண்டக்‌ஷன் அடுப்பும் மைக்ரோவேவும் ஓடும்போது கெட்டிலைப் போட்டால் எம்.சி.பி. (மின்சாரம் அளவு மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) ட்ரிப் ஆகிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் சூடாகிறது. பெரிய எம்.சி.பி. மாற்றிவிடலாமா?

கூடாது. சுவருக்குள் ஓடும் கம்பி தாங்கும் அளவுக்கு ஏற்றபடிதான் எம்.சி.பி. பொருத்தியிருப்பார்கள். கம்பியை விட்டுவிட்டு அதை மட்டும் பெரிதாக்கினால், ட்ரிப் ஆகவேண்டிய நேரத்தில் கம்பி எரியும்.

கணக்கு எளிது. கருவியில் எழுதியிருக்கும் வாட்ஸை உங்கள் ஊரின் வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 230 வோல்ட்டில் 2,000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,500 வாட்ஸ் கெட்டில் 6.5. மைக்ரோவேவில்தான் பலரும் ஏமாறுவார்கள். அதன் முகப்பில் எழுதியிருக்கும் 800 வாட்ஸ் உணவுக்குள் போகும் அளவு. சுவரிலிருந்து இழுப்பது 1,200 வாட்ஸுக்குப் பக்கத்தில், அதாவது 5.2 ஆம்பியர். மூன்றையும் கூட்டினால் 20.4. 16 ஆம்பியர் லைன், அதாவது ஒரே எம்.சி.பி.யிலிருந்து போகும் கம்பி, அதைத் தாங்காது. 120 வோல்ட் உள்ள நாடுகளில் அதே கெட்டில் ஒன்றே 12.5 ஆம்பியர் எடுத்துக்கொள்ளும்.

எனவே பெரிய சூட்டுக் கருவி ஒரு லைனில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான். இதனால் நேரம் வீணாகாது: முதலில் கெட்டிலில் ஒரு லிட்டர் கொதிக்க வையுங்கள், நான்கு நிமிடம் ஆகும். அதை அடுப்பிலுள்ள பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, கெட்டிலை அணைத்து, அடுப்பைப் போடுங்கள். மைக்ரோவேவை வேறு லைனில் உள்ள அறையில் வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எந்த சாக்கெட் எந்த லைன் என்று தெரிய, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸை உடனே விலக்குங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு நேரடியாகச் சுவர் சாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால், எர்த் உள்ள மூன்று பின், 1.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கம்பி, ஒரே ஒரு கருவி. கம்பியைச் சுருட்டி வைக்காமல் முழுவதும் விரித்துவிட வேண்டும். சுருளுக்குள் சூடு வெளியேற வழியின்றி உறை உருகும். பிளக் பின்கள் தொட முடியாமல் சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். எலக்ட்ரீஷியன் மாற்றித்தரும் வரை அந்த சாக்கெட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: சிலிண்டரையும் கேஸ் அடுப்பையும் படுக்கையறைக்கு மாற்றிக்கொள்ளலாமா? அல்லது பால்கனியில் கரி அடுப்பு?

இரண்டும் வேண்டாம். சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாமல் தரையோடு பரவிக் கட்டிலுக்கு அடியில் தேங்கும். உயரத்தில் இருக்கும் ஜன்னலைத் திறந்தாலும் அது வெளியேறாது. தூங்கும் அறையில் அதை வைப்பதை எந்த வசதிக்காகவும் ஏற்க முடியாது.

கரி இன்னும் மோசம். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி ஆளை மயக்கிவிடும். சுவாலை அடங்கி சாம்பல் பூத்த பிறகும் மணிக்கணக்கில் அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். கண்ணாடி அடைத்த பால்கனியும் அறைதான். முற்றத்திலோ மொட்டை மாடியிலோ, கதவு ஜன்னல்களிலிருந்து விலகி வைத்துக்கொள்ள இடம் இருந்தால் மட்டும் கரி அடுப்பை நினையுங்கள். தணல் மிச்சமுள்ள அடுப்பை இரவில் உள்ளே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: ரைஸ் குக்கரில் அரிசி, பருப்பு, காய் எல்லாம் ஒன்றாகப் போட்டால் ஒருநாள் பொங்கி வழிகிறது, மறுநாள் பருப்பு வேகும் முன்பே அணைந்துவிடுகிறது. ஏன்?

சாதாரண ரைஸ் குக்கருக்கு உணவு வெந்ததா என்று தெரியாது. அடித்தட்டின் சூடு மட்டும்தான் அதற்குத் தெரியும். தண்ணீர் இருக்கும் வரை அடி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் உறிஞ்சப்பட்டதும் சூடு சட்டென்று ஏறும். அடியில் உள்ள காந்தம் பிடி விட்டு சுவிட்ச் விழும். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் விடை கிடைத்துவிடும்.

வேகும் முன் அணைவது, அடியில் எதுவோ ஒட்டிக்கொண்டதால். கழுவாத அரிசியின் மாவு, சர்க்கரை, பால், வதக்கிய வெங்காயம் இவை அடியில் படிந்து அந்த இடம் மட்டும் காய்ந்துவிடும். கிண்ணத்தின் வெளிப்புறம் ஈரமாகவோ, தட்டுக்கு நடுவே ஒரு பருக்கையோ இருந்தாலும் சூடு சரியாகப் போகாது. பொங்கி வழிவது, பருப்பின் நுரையாலும் அளவு மிஞ்சியதாலும்.

1.8 லிட்டர் குக்கருக்கு இந்த அளவு சரியாக வரும். கப் என்றால் 200 மி.லி. அரிசி ஒரு கப், உடைத்த மசூர் பருப்பு கால் கப், இரண்டையும் நீர் தெளியும் வரை கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து வடித்துவிடுங்கள். தண்ணீர் இரண்டே முக்கால் கப், எண்ணெய் ஒரு டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன். எண்ணெய் நுரையை அடக்கும். கேரட், பீன்ஸ் போன்ற கெட்டிக் காய் ஒரு கப், ஒரு செ.மீ. துண்டுகளாக, அரிசிக்கு மேலே பரப்புங்கள். அடியில் தள்ள வேண்டாம். கீரை, பச்சைப் பட்டாணி போன்றவை சுவிட்ச் விழுந்த பிறகு தூவி, மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டாலே வெந்துவிடும். தக்காளி, எலுமிச்சை, புளி எல்லாம் கடைசியில். புளிப்பு முன்பே சேர்ந்தால் பருப்பின் தோலும் உள்ளும் இளகாது. துவரை, கடலைப் பருப்பு வேண்டுமென்றால் இரண்டு மணி நேரமாவது ஊற வேண்டும்.

மேல்தட்டில் முட்டைகளை வைத்தால் அதே ஆவியில் வெந்துவிடும். ஒரு கிண்ணம் மட்டுமே கழுவ வேண்டிய சாப்பாடு இது.

கேள்வி: ஸ்லோ குக்கரில் சிவப்பு ராஜ்மாவை இரவு முழுவதும் போட்டுவைக்கலாமா?

நேரடியாகப் போடக் கூடாது. இது ருசி பற்றிய விஷயமல்ல. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் என்னும் நச்சுப்புரதம் இருக்கிறது. முழுக் கொதியில்தான் அது அழியும். ஸ்லோ குக்கர் பெரும்பாலும் கொதிநிலைக்கே போகாது. மிதமான சூட்டில் அந்த நச்சு பச்சையாக இருப்பதைவிடக் கூடவே வீரியம் பெறும். நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும்.

குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இண்டக்‌ஷன் அடுப்பில் தளதளவென்று அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். அதன்பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றலாம். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்கு இது எதுவும் வேண்டாம்.

கேள்வி: மைக்ரோவேவில் உருளைக்கிழங்கு ஓரத்தில் தோல்போல் இறுகுகிறது, நடுவில் பச்சையாக இருக்கிறது.

மைக்ரோவேவ் அலை உணவுக்குள் இரண்டு மூன்று செ.மீ.தான் ஊடுருவும். அதற்கு உள்ளே சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். முழுக்கிழங்காக முழுச் சக்தியில் வைத்தால் உள்ளே போய்ச் சேரும் முன் ஓரத்து ஈரம் வற்றிவிடும்.

300 கிராம் கிழங்கை 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, ஆழமில்லாத அகலக் கண்ணாடிப் பாத்திரத்தில் வட்டமாக அடுக்குங்கள், நடுவை வெறுமையாக விடுங்கள். மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, ஆவி போக விரல் அகலம் இடைவெளி விட்டுத் தட்டால் மூடுங்கள். 800 வாட்ஸில் மூன்றரை நிமிடம், கிளறல், மறுபடி மூன்று நிமிடம். அணைந்த பிறகு மூடியபடியே மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்திலும் வேகல் நடக்கிறது, காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

குறிப்பில் உள்ள வாட்ஸ் வேறாக இருந்தால்: குறிப்பின் நிமிடத்தை அதன் வாட்ஸால் பெருக்கி, உங்கள் வாட்ஸால் வகுங்கள். 1,000 வாட்ஸில் ஐந்து நிமிடம் என்றால் 800-இல் ஆறேகால். ஓட்டோடு முட்டையை எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள். அவித்து ஓடு நீக்கிய முழு முட்டையைச் சூடாக்கினாலும் வாயில் வைக்கும் நேரத்தில் வெடிக்கும். வெட்டித்தான் சூடாக்க வேண்டும்.

கேள்வி: கெட்டிலிலேயே நூடுல்ஸ் வேகவைக்கலாமா?

வேண்டாம். கெட்டில் தானாக அணைவது, ஆவி ஒரு சிறு துளை வழியாகப் போய் சுவிட்சைத் தொடுவதால். மாவு நுரை அந்தத் துளையை அடைத்தால் அது அணையாது. அடியில் படியும் மாவு தீய்ந்து போகும், உள்ளே தேய்த்துக் கழுவவும் முடியாது. மெல்லிய நூடுல்ஸையும் ஓட்ஸையும் மூடியுள்ள பாத்திரத்தில் போட்டு, கொதிநீர் ஊற்றி, துண்டால் சுற்றி ஐந்து நிமிடம் வைத்தால் போதும்.

கேள்வி: என் பாத்திரங்களில் பாதி இண்டக்‌ஷனில் சூடாவதே இல்லை.

அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். இறுக ஒட்டினால் சரி. வழுக்கி விழுந்தால் அடுப்பு அதைப் பாத்திரமாகவே உணராது. அலுமினியம், செம்பு, பித்தளை, அடித்தகடு ஒட்டாத சில எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் இந்த வகை. அடி தட்டையாகவும் 12 செ.மீ.க்குக் குறையாத அகலமாகவும் இருக்க வேண்டும். எண்ணெயை எப்போதும் நடு அளவிலேயே காயவையுங்கள். மெல்லிய அடி என்றால் ஒரு நிமிடத்துக்குள் புகைந்துவிடும். தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், மூடியால் மூடி, அடுப்பை அணையுங்கள். சமையல் முடிந்ததும் உள்ளே மின்விசிறி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

கேள்வி: கூடத்துக்கு மாற்றிய ஃப்ரிட்ஜில் இடமில்லை, சோறு அடிக்கடி மிஞ்சுகிறது. வேலை முடிந்து வந்து தினமும் என்ன சமைப்பது என்றும் புரியவில்லை.

முதலில் சோறு. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. மிஞ்சியதை அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாளே முடித்துவிடுங்கள். குக்கரின் 'வார்ம்' நிலையில் 60 டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று ஒருமுறை வெப்பமானியால் பாருங்கள். மற்றச் சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரம், கடும் வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்து நகர்த்தியிருந்தால் நிமிர்த்திச் சில மணி நேரம் கழித்தே மின்சாரம் கொடுக்க வேண்டும். கம்ப்ரஸர் எண்ணெய் இறங்க அவகாசம் வேண்டும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள்.

சமையலுக்கு வருவோம். நாளொன்றுக்குத் தேய்க்க வேண்டிய பெரிய பாத்திரம் இரண்டுக்கு மேல் போகாமல் திட்டமிடுங்கள். காலையில் கெட்டில் தண்ணீரில் ஓட்ஸ் அல்லது ரொட்டி, பழம். ஒருவேளை குக்கரில் அரிசி, பருப்பு, காய். மற்றொரு வேளை வாணலியில் முட்டையோ கிழங்கோ காளானோ, கூடவே ரொட்டி. காயை மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தமாக நறுக்கி, ஈரம் ஒற்றி, தாள் விரித்த டப்பாவில் அடுக்குங்கள். தினமும் பலகையும் கத்தியும் கழுவும் வேலை குறையும். வெங்காயத்தை ஒரேயடியாக வதக்கி, ஆறவிட்டு, உப்போடு சிறு டப்பாக்களில் உறைய வைத்தால் அறையில் வதக்கல் புகை வாரம் ஒரு நாளோடு முடிந்துவிடும்.

எண்ணெய்யில் பொரிப்பது, அரைப்பது, மாவு பிசைவது மூன்றையும் இந்த வாரங்களுக்கு ஒத்திவையுங்கள். பொரித்த எண்ணெய்ப் படலம் மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஏறினால் சமையலறை தயாரான பிறகும் வாடை போகாது. மிக்ஸி ஜாரை டப்பில் கழுவும்போது தண்ணீருக்கு அடியில் பிளேடு கண்ணுக்குத் தெரியாமல் விரலைக் கிழிக்கும். தவிர்க்க முடியாமல் அரைத்தால், ஜாரில் பாதித் தண்ணீரும் ஒரு சொட்டுச் சோப்பும் விட்டு மூடி பத்து விநாடி ஓட்டுங்கள். பிறகு அலசினால் மட்டும் போதும்.